மல்லாட்டை காயும் மைதானம்

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட். ஆறாம் வகுப்புப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரையும் இரண்டு வரிசையாக நடத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வந்த தங்கம்மாள், கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். மைதானத்தைக் காணவில்லை.

மைதானம் இருந்த இடம் முழுக்க மல்லாட்டை பரப்பிக் கிடந்தது. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கிழக்கு மதிலிலிருந்து மேற்கு மதில் வரைக்கும், போன வாரம் அவள் தன் கையால் போட்ட கோகோ கோடுகளின் மேலேயும், ஈரம் காயாத மல்லாட்டை. மண்வாடை குப்பென்று அடித்தது. நடுவில் நாலைந்து கூலிக்காரப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு காலால் துழாவி நடந்துகொண்டிருந்தார்கள். மேற்கே மதிலுக்கு மேல், எதுவும் தெரியாதது போல மலை நின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூட வாட்ச்மேன் இருசப்பன் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா இருசப்பா இது?"

"மல்லாட்ட டீச்சர்மா."

"அது தெரியுது. இங்க இன்னாத்துக்கு?"

"பெரிய டீச்சர் பர்மிசன் குடுத்துக்கீறாங்க. ஆடு, காக்கா, புள்ளைங்க, ஒண்ணும் உள்ள வராம பாத்துக்கச் சொன்னாங்க."

ஆடு, காக்கா, பிள்ளைகள். அந்த வரிசை தங்கம்மாளின் காதில் முள்ளாகத் தைத்தது. பின்னால் நாற்பத்திரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். வரிசையின் முதலில் நின்ற உண்ணாமலை, பாவாடையை எடுத்து இடுப்பில் செருகியிருந்தவள், மெதுவாக அதை எடுத்து விட்டுக்கொண்டாள். அந்த ஒரு செய்கையைப் பார்த்ததும்தான் தங்கம்மாளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

வகுப்புக்குத் திரும்பினார்கள். கணக்கு டீச்சர் அங்கே தயாராக இருந்தாள். பசித்தவன் இலைக்கு வருவது போல வந்து, "ட்ரில்லு இல்லியா? அப்போ பின்னம் போட்டுடலாம்" என்று கரும்பலகையைத் துடைத்தாள்.

ஒரு வாரம்தான் என்றார்கள். அது இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு லோடு காய்ந்து மூட்டையில் ஏறினால் அடுத்த லோடு வந்து இறங்கியது. செவ்வாயும் வெள்ளியும் மூன்றாவது பீரியடில் உடற்பயிற்சி என்று கால அட்டவணையில் பச்சை மையில் எழுதியிருந்தது. அந்தப் பச்சை மையைப் பார்த்துக்கொண்டே பெண்கள் பின்னம் போட்டார்கள். பள்ளிக்கூடத் தாளாளருக்கு வேண்டிய யாரோ மண்டிக்காரன் கேட்டிருப்பான் என்று தங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். தாளாளரை எதிர்த்து ட்ரில் டீச்சர் என்ன பேசிவிட முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள்தான் மாறிப்போனார்கள். அதை அவளைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் முன்பெல்லாம் தூக்கு மூடியை மூடுவதற்குள் மைதானத்துக்கு ஓடுகிறவர்கள், இப்போது வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்தார்கள். கோள் சொன்னார்கள். ஒரு ரப்பருக்காக இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கீறிக்கொண்டு, கீறலில் ரத்தம் எட்டிப் பார்த்த பிறகும் விடவில்லை. உண்ணாமலை நகத்தைக் கடித்தாள். பத்து விரலிலும் கடித்து முடித்துவிட்டு, சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்தாள்.

உண்ணாமலைக்குப் பதினோரு வயசு. ஓட்டத்தில் அவளைத் தொட முடியாது. நேராக ஓடி வந்துகொண்டே இருப்பாள். கை நீட்டும் கணத்தில் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போல வளைந்து போய்விடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளுடைய அம்மா வெள்ளையம்மாள் பொங்கல் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "முழுப் பரீட்சையோட நிறுத்திடப் போறேன் டீச்சர். பொண்ணு எப்ப வேணும்னாலும் வயசுக்கு வந்து உக்காந்துடுவா போல இருக்கு. அப்புறம் ஊடு. அவ்ளோதான்."

அன்றைக்கே தங்கம்மாள் எண்ணிப் பார்த்தாள். சித்திரை வரைக்கும் இன்னும் இருபது பீரியட் இருக்கலாம். இருபது முறை அந்தப் பெண் ஓடுவாள். பிறகு வாழ்நாளில் ஒருநாளும் ஓட மாட்டாள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். மல்லாட்டை வந்த பிறகு அந்த இருபதில் நாலு போயிற்று. திரும்பி வராத நாலு.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, புதிதாக ஒரு லோடு வந்து இறங்குவதைப் பார்த்தவுடன் தலைமையாசிரியை அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள். தலைமையாசிரியை லலிதாம்பாள், கோயில் குருக்கள் வீட்டுப் பெண்மணி. அதிர்ந்து பேசாதவர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உட்காருங்கோ தங்கம்" என்றார்.

"நான் உட்கார வரலை டீச்சர். எனக்கு மைதானம் வேணும்."

"இன்னும் ஒரு வாரம்."

"போன வாரமும் அதான் சொன்னீங்க. புள்ளைங்கள ரெண்டு வாரமா கூடையில கவுத்த கோழிக்குஞ்சு மாதிரி வச்சிருக்கோம். ஒண்ணை ஒண்ணு கொத்திக்குது. பாத்தீங்களா நீங்க?"

"நன்னாப் படிக்கறதுகளே! கணக்கில எல்லாரும் தேறியிருக்கான்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"பதினோரு வயசுப் பொண்ணு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வெயில்ல ஓடலைன்னா அவ பின்னம் போட்டு இன்னா பண்ணப் போறா? ஊட்டுல விட மாட்டாங்க. தெருவில விட மாட்டாங்க. அவளுக்கு வானம் தெரியற எடம் இது ஒண்ணுதான் டீச்சர். அதையும் கொட்டைக்குக் குடுத்துட்டோம்."

லலிதாம்பாள் பேனாவை மூடினார். அவர் முகத்தில் நிஜமான குழப்பம் தெரிந்தது.

"ஏன் தங்கம், எங்கிட்ட இப்படிச் சத்தம் போடறேள்? நீங்க சொல்லித்தானே குடுத்தேன்?"

"நானா?"

"உங்க அண்ணாதானே வந்து கேட்டார்? கீழ்பென்னாத்தூர் சகாதேவன். தங்கச்சிகிட்ட பேசிட்டேன், அவளுக்குப் பூரண சம்மதம்னார். மைதானம் உங்க பொறுப்பு. கூடப் பிறந்த அண்ணா சொல்றார். அப்புறம் உங்களைத் தனியா வேற கூப்பிட்டுக் கேப்பாளா?"

கேட்க மாட்டார்கள்தான். கல்யாணம் வேண்டாமென்று முப்பத்து நாலு வயசு வரைக்கும் இருக்கிற ஒருத்திக்கு அண்ணன்தானே வாய்? அவள் வாங்கிய சைக்கிளுக்குக்கூட கடைக்காரன் அண்ணனிடம்தான் விலை சொன்னான். இரண்டு வாரமாக அவள் யார் யாரையோ மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக மொத்தப் பள்ளிக்கூடமும், அவள்தான் மைதானத்தைத் தூக்கிக் கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இருசப்பன்கூட. கணக்கு டீச்சர்கூட. அதனால்தான் அவள் அத்தனை தைரியமாகப் பலகையைத் துடைத்தாள்!

சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு, அறுவடை நாளில் அண்ணன் காய் விற்க வந்து உட்காரும் மண்டிக்குப் போனாள். சகாதேவன் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது தாண்டிய ஆள். வெள்ளை வேட்டி, காதோரம் நரை. தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தங்கம். டேய், இன்னொரு டீ சொல்றா."

"டீ வாணாம். எம் பேரைச் சொல்லி ஸ்கூல் கிரவுண்டை வாங்கினியா?"

"அட, அதுவா! ஊர்க் களத்துல முறை வர பத்து நாளாவும். அதுக்குள்ள மொளை வுட்டுடும். ஈரக் காயை மண்டிக்காரன் தொட மாட்டான். உங்க ஸ்கூலு மண்டிக்குப் பக்கம். நல்ல வெயிலு. சும்மாத்தானே கெடக்குது?"

"சும்மா கெடக்கலை. புள்ளைங்க வெளையாடுற எடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவன் சிரித்தான். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "பொட்டப் புள்ளைங்க மூணு வாரம் குதிக்கலைன்னா இன்னா கெட்டுடும்? குதிச்சுக் குதிச்சு எந்தக் கோட்டையைப் புடிக்கப் போவுதுங்க?"

"வியாழக்கெழமைக்குள்ள அள்ளிடு."

"ஏய், காய் இன்னும் காயலை. ஜாஸ்தியா பேசாத. ஊட்டுக்குப் போ."

ஊட்டுக்குப் போ. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் ஏரிக்கரையில் ஓட்டப்பந்தயம். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. பையன்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் பனைமரத்தைத் தொடப் போகிற நேரம். குறுக்கே அண்ணன் வந்து நின்றான். சடங்கு ஆகிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, கரையில் என்ன ஓட்டம் என்று முதுகில் ஒன்று வைத்தான். ஊட்டுக்குப் போ என்றான். பனைமரத்துக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது. ஒன்றரை வருஷம் அவள் வாசலைத் தாண்டவில்லை. அப்புறம் நைனாவின் காலைப் பிடித்து அழுது, பள்ளிக்கூடம் போய், பயிற்சிக்குப் போய், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். எல்லாம் நடந்தது. அந்த நாலு எட்டு மட்டும் அங்கேயே கிடந்தது.

அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டாள். கத்தியிருந்தால் கோபம் கொஞ்சம் கம்மியாகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் பின்னமே நடந்தது. வியாழன் சாயங்காலம் பார்த்தாள். மல்லாட்டை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடுக்கு மணி அடித்ததும், கணக்கு டீச்சர் வாசலுக்கு வருவதற்கு முன்னால் தங்கம்மாள் வகுப்புக்குள் இருந்தாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. செருப்பு போட்டவங்க கழட்டி இங்கியே வையுங்க. வெறுங்கால்."

படியிறங்கி மைதானத்துக்கு வந்தார்கள். இருசப்பன் குச்சியோடு எழுந்தான். தங்கம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒத்தப்படை நெம்பர் ஒரு டீம். ரெட்டைப்படை ஒரு டீம். ஒத்தப்படை இந்தப் பாதி, ரெட்டைப்படை அந்தப் பாதி. காயை மதிலோரமா தள்ளணும். கையால தள்ளலாம், பாதத்தால தள்ளலாம். மிதிக்கக் கூடாது. எவ காலுக்குக் கீழ ஒரு காய் ஒடைஞ்சு சத்தம் கேட்டாலும் அந்த டீம் தோத்துடும். மொதல்ல தரையைக் காட்டுற டீம் ஜெயிச்சது. புரியுதா?"

பிறகு விசில்.

மூன்று வாரமாகச் சுவரோரம் குந்தியிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. குனிந்தார்கள், தவழ்ந்தார்கள், பாவாடையை முறம் போலப் பிடித்து வாரினார்கள். நாலு பேர் கை கோத்து உட்கார்ந்து சறுக்கித் தள்ளினார்கள். "ஏய், அங்க உட்டுட்டடி!" "உங்க பக்கம்தான் ஒடைஞ்சுது, நான் கேட்டேன்!" "போடி பொய்க்காரி!" ரப்பருக்காகக் கீறிக்கொண்ட இரண்டு பேரும் ஒரே சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மதிலோரம் மல்லாட்டை அலை அலையாக ஏறியது. நடுவில் செம்மண் முதலில் ஒரு தட்டளவுக்குத் தெரிந்தது, பிறகு ஒரு பாயளவுக்கு, பிறகு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் முழு மைதானமும் தெரிந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கம்மாள் சுண்ணாம்புத் தூளை எடுத்துக் கோடு போட்டாள். "கோகோ. உக்காருங்க" என்றாள். எட்டுப் பேர் வரிசையில் மாறி மாறித் திரும்பி உட்கார்ந்தார்கள். உண்ணாமலை பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுகிறவர்களின் பக்கம் போய் நின்றாள். ஆட்டம் தொடங்கியது.

"டீச்சர்!"

கூலிக்காரப் பெண்களில் ஒருத்தி மதிலோரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். முக்காட்டை விலக்கியதும்தான் அது வெள்ளையம்மாள் என்று தெரிந்தது. மூன்று வாரமாக இந்த மைதானத்தில் காலால் துழாவிக்கொண்டிருந்தவள் உண்ணாமலையின் அம்மாதான்.

"உங்க அண்ணன் தங்கச்சி சண்டைன்னா உங்க ஊட்டுல போட்டுக்குங்க. இதைத் திரும்பப் பரப்பப் போறது யாரு? உங்க அண்ணனா? நீங்களா? நான்தானே? விடியக்காலத்துல இருந்து துழாவி வச்சிருந்தேன். இப்ப மேல இருக்கறது கீழ போச்சு, காஞ்சதும் ஈரமும் ஒண்ணாக் கலந்துபோச்சு. இடுப்பு எனக்குத்தான் ஒடியும். வெளையாட்டாம், வெளையாட்டு!"

இத்தனை நாள் கோபத்தில் தங்கம்மாள் எல்லாரையும் நினைத்திருந்தாள். குனிந்து துழாவுகிற அந்த நாலைந்து முக்காடுகளை ஒருமுறைகூட நினைக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இந்த முறை தன்மேலேயே.

அதற்குள் சேதி போய், கேட்டைத் தள்ளிக்கொண்டு சகாதேவன் வந்துவிட்டான். பின்னாலேயே, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு லலிதாம்பாள்.

"இன்னா பண்ணிக்கீற நீ?"

"ட்ரில் நடக்குது. கோட்டை விட்டுத் தள்ளி நில்லு."

"தங்கம்! நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எம் பேரைச் சொல்லி நீ வாங்கினதை, எம் பேர்லயே நான் திருப்பி எடுத்துக்கினேன். இதுல இன்னா தப்பு?"

"நைனா இருந்திருந்தா உன்னை..."

"நைனா இருந்தப்பவே குறுக்க வந்து நின்னவன்தானே நீ? எனக்கு மறந்துடுச்சுன்னு நெனச்சியா? இருபத்திரண்டு வருசம் ஆவுது. ஒரு நாள் மறக்கலை."

சகாதேவன் விழித்தான். எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் அடித்தது அவனுக்கு ஞாபகமே இல்லை என்பது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைத்தான் தங்கம்மாளால் தாங்க முடியவில்லை.

"இனிமே எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காத" என்றான் அவன். பிறகு வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினான். "நீ இன்னா வேடிக்கை பாக்குற? பரப்பு. இப்பவே. புள்ளைங்க தானா எழுந்து போவும்."

வெள்ளையம்மாள் கூடையை எடுத்தாள். மதிலோரம் போய் நிறைய அள்ளினாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டு கோட்டோரம் வந்தாள். அங்கே நின்றாள்.

எட்டுப் பேர் குந்தியிருந்தார்கள், எழ வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல். ஓடிக்கொண்டிருந்த உண்ணாமலை ஒரு முனையில் நின்று, மூச்சு வாங்க, அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் செம்மண். கன்னம் சிவந்து, கண் இரண்டும் எரிந்தன. வீட்டில் அந்த முகத்தை வெள்ளையம்மாள் பார்த்திருக்க முடியாது. அங்கே அதற்கு இடமில்லை.

"கொட்டு" என்றான் சகாதேவன்.

"பீரியட் முடியட்டுங்க."

"இன்னா?"

"புள்ளைங்க தலைமேலயா கொட்டுறது? பெல் அடிக்கட்டும். அடிச்சதும் பரப்பறேன். கூலியில புடிச்சிக்கறதுன்னா புடிச்சிக்குங்க."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே கையூன்றி உட்கார்ந்தாள். லலிதாம்பாள் மெதுவாக, "பத்து நிமிஷம்தானே இருக்கு, ஆகட்டும்" என்றார். பிறகு தங்கம்மாளிடம், அதே மெதுவான குரலில், "உங்களுக்கு மெமோ வரும் தங்கம். எழுத்துல பதில் குடுக்கணும்" என்றார்.

"குடுங்க டீச்சர். அதுல ஒண்ணும் சேத்து எழுதுங்க. கிரவுண்டுக்குப் பர்மிஷன் யார் கேட்டாலும், என்கிட்ட நேரா கேக்கணும்னு."

விசில் ஊதினாள். ஆட்டம் தொடர்ந்தது. உண்ணாமலை நேராக ஓடி வந்தாள். துரத்துகிறவள் கை நீட்டினாள். அந்தக் கடைசிக் கணத்தில் அவள் வளைந்து போனாள். கூடைமேல் கையூன்றியிருந்த வெள்ளையம்மாளின் தோள், அவளையறியாமல், அதே பக்கம் சாய்ந்தது. சகாதேவன் கேட்டை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

மணி அடித்தது. பெண்கள் தலைமுடியெல்லாம் மண்ணாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். அடுத்த பீரியட் தங்கம்மாளுக்கு வேலையில்லை. அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு மதிலோரம் போய் ஒரு கூடை அள்ளினாள். மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புத் தூளால் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"இந்தப் பக்கம் மட்டும் பரப்பு. அந்தப் பக்கம் புள்ளைங்களுக்கு."

"பாதி எடத்துல எப்படிக் காயும்? நாலு நாள் சேத்து ஆவும்."

"ஆவட்டும். காலையிலயும் சாயங்காலமும் நான் வந்து துழாவறேன்."

வெள்ளையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் கொட்டிப் பரப்பினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தங்கம்மாளின் உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. மண்டியில் சிரித்த அந்த இரண்டு பேர், பச்சை மை, அண்ணனின் ஞாபகமில்லாத முகம். ஒவ்வொன்றும் ஒரு கொதி.

"உண்ணாமலையை நிறுத்தாத வெள்ளையம்மா" என்றாள் திடீரென்று.

"அதை இப்பக் கேக்காதீங்க டீச்சர்." வெடுக்கென்று வந்தது பதில். கொஞ்ச தூரம் துழாவிக்கொண்டு போனவள், திரும்பாமலே கேட்டாள்: "செவ்வாக்கெழமை உங்க பீரியட்டு எத்தினி மணிக்கு?"

"பத்தே முக்கால்."

"ஈரக் காய் எதுனா அந்தப் பக்கம் உருண்டிருந்தா அதுக்குள்ள வாரிடறேன்." இன்னும் இரண்டு எட்டு. "காலை இழுத்துப் போடுங்க டீச்சர். தூக்கிப் போடாதீங்க. ஓடு ஒடையுது."

தங்கம்மாள் காலை இழுத்துப் போட்டாள்.